சம்பந்தி வேண்டாமென்ற சாமந்தி

2006 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. விடியற்காலை நாலு மணி பஸ்ஸில் சேலத்தை விட்டேன். தை மாதம் புதுச்சேரியில் என் மகள் கயலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கிறிஸ்தவர்கள். இந்தச் சம்பந்தத்துக்காக என் சொந்தக்காரர்களோடு ஒரு வருஷம் மல்லுக்கு நின்றவள் நான். மாப்பிள்ளையின் அம்மா பிலோமினாவோடு எந்த மனத்தாங்கலும் வந்துவிடக் கூடாதே என்பதுதான் வழி முழுக்க என் கவலை. பூவை இருவரும் சேர்ந்தே பார்க்கலாம் என்று அதனால்தான் போன் செய்திருந்தேன்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு ஆட்டோ முப்பது ரூபாய். "பூ வாங்க சேலத்துலேர்ந்தா வரீங்க? நல்லாருக்கே!" என்று டிரைவர் சிரித்தார்.

பூக்கடை வரிசையில் பிலோமினா காத்திருந்தார். கணவரோடு முப்பது வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கணவர் இறந்து மூன்று வருஷமாகிறது.

மல்லி முழம் முப்பது ரூபாய். அதுவும் சுருங்கிய மொட்டு.

"பனிக்கு மல்லி எங்கம்மா நிக்கும்? இப்ப சாமந்திதான். ரெண்டு நாளானாலும் வாடாது" என்றார் கடைக்காரம்மா.

கூடை கூடையாக மஞ்சளும் வெள்ளையும், ஈரம் காயாமல் இருந்தது. மாலைக்கும் மேடைக்கும் சாமந்தியே என்று நானே முடிவு செய்துவிட்டேன். அரைக் கிலோ வாங்கி, "மாதா படத்துக்குப் போடுங்க சம்பந்தி" என்று நீட்டினேன்.

பிலோமினா கையை நீட்டவில்லை. "வேணாங்க" என்றார்.

பூவை யாராவது வேண்டாமென்பார்களா? எனக்குச் சுருக்கென்றது. "ஏன், நாங்க குடுத்தா மாதா ஏத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டே விட்டேன்.

"ஐயோ, அப்படியில்ல சம்பந்தி. பிரான்ஸ்ல இத கல்லறைக்குத்தான் வைப்பாங்க. அங்கயே இருந்து எனக்கும் மனசுல அப்படியே பதிஞ்சிடுச்சு. போன மாசம் கல்லறைத் திருநாளுக்கு அவருக்கு இதான் வச்சேன். புள்ள கல்யாணத்துல இதப் பாத்தா, அவரு இல்லாததுதான் முன்ன வந்து நிக்கும்." சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

பாழாய்ப் போன என் வாய்! மாலைக்கு ரோஜாவும் சம்பங்கியும், தலைக்கு டிசம்பர் பூவும் என்று மாற்றிச் சொன்னோம். டிசம்பர் பூவுக்கு வாசனை கிடையாது. ஆனால் இந்தக் குளிரில் ஊதா நிறத்தில் அதுதான் செழிப்பாக இருக்கிறது.

அரைக் கிலோ சாமந்தி என் கையிலேயே இருந்தது. "கல்லறை எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"ஆட்டோல பத்து நிமிஷம். கல்யாண வேலையா வந்தவங்க அங்கெல்லாம் வரலாமா?" என்று அவரே தயங்கினார்.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டு வாசலை மிதிப்பதில்லை. கல்யாணத்தை வைத்துக்கொண்டு கேட்கவே வேண்டாம். இருந்தாலும் போனேன்.

கல்லறை மேல் பூவை வைத்துக் கும்பிட்டேன். "சம்பந்தி, நான் கயலோட அம்மா. தை மாசம் கல்யாணம். நீங்க முன்ன இருந்து நடத்திக் குடுக்கணும்." பிலோமினா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மணி பஸ்ஸில் கிளம்பி இருட்டிய பிறகு வீடு வந்தேன். இந்தக் கல்யாணமே கூடாதென்று குதித்த என் நாத்தனார் வாசலிலேயே கேட்டாள்: "அண்ணி, அந்த வீட்டு ஆளுங்களையெல்லாம் முறையா அழைச்சீங்களா?"

"அழைச்சேன். ஒருத்தர் விடாம" என்றேன்.