டவாலி கூப்பிட்ட பெயர்

வழக்குக்காரர்களை நீதிமன்ற வாசலில் நின்று கூப்பிடுவதுதான் டவாலிக்கு வேலை. மூன்று முறை கூப்பிட்டும் வழக்குப் போட்டவர் வராவிட்டால் தள்ளுபடி. பெயரைக் கூவிவிட்டு, அந்தப் பெயருக்கு எந்த மூஞ்சி படியேறி வருகிறதென்று எட்டிப் பார்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை.

வீட்டில் பங்கு கேட்டு அண்ணன்மேல் அவர் போட்ட வழக்கும் அங்கேதான் வாய்தா வாய்தாவாக இழுத்தடித்தது. நீதிபதிகள்தான் மாறினார்கள், வழக்கு நகரவில்லை. ஒருநாள் புதுக் குமாஸ்தா சொன்ன பெயரைப் பழக்கதோஷத்தில் மூன்று முறை கூவினார். படிக்கட்டையே ஆவலாகப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"ஆள் வரலீங்கய்யா" என்றார் உள்ளே வந்து.

புது நீதிபதி தள்ளுபடி எழுதப் பேனாவைத் திறந்தார்.

எதிர்த்தரப்பில் நின்ற அண்ணன் தொண்டையைச் செருமினார். "என் தம்பி வந்திருக்கான்யா. கூப்பிட்டதே அவன்தான்."