முதல் கயிறு

ஏழாம் வகுப்பு படிக்கும்போது காரைக்காலில் ஒரு கிளப்பில் கப்போய்ரா கற்றுக்கொண்டேன். பிரேசிலில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் சண்டைக்கலை அது. பார்த்தால் ஆட்டம் மாதிரிதான் இருக்கும். பிரான்சிலிருந்து திரும்பிய மாஸ்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். குரும்பகரத்திலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போவேன். பெண்பிள்ளை தலைகீழாக நிற்பது எங்களோடு இருந்த அத்தைக்கு ஆகாது. "பெரிய மனுஷியாவுற வரைக்கும் ஆடட்டும், அப்புறம் கெடையாது" என்று சொல்லிவிட்டாள். அப்பாவும் தலையாட்டிவிட்டார்.

கராத்தேயில் பெல்ட் மாதிரி இதில் இடுப்புக் கயிறு. முதல் கயிறு கட்டும் விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், நான் பெரிய மனுஷியாகித் தொலைத்தேன்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் தனியாக உட்காரவைத்துவிடுவார்கள், கயிறு போச்சு. அம்மாவின் பீரோவிலிருந்து நாப்கின் பாக்கெட்டை எடுத்துப் பள்ளிக்கூடப் பையில் ஒளித்தேன்.

காலையில் கிளம்பும்போது அம்மா தன் கருநீலச் சுடிதார் டாப்ஸை நீட்டினாள். "இத மேல போட்டுக்க. வெள்ளை பேண்ட்டு, மண்ணு ஒட்டும்." முழங்காலுக்குக் கீழே தொங்கிய அதைப் பார்த்ததும் எரிச்சலாக வந்தது. போதாக்குறைக்கு, ஒருநாளும் வராதவள் அன்று கூடவே வந்தாள். மாட்டிக்கொள்ளப்போகிறேன் என்று வழியெல்லாம் பையை மடியிலேயே இறுக்கி வைத்திருந்தேன்.

எல்லோரும் வட்டமாக நின்று கைதட்ட, நடுவில் மாஸ்டரோடு ஆட வேண்டும். அவர் காலைத் தட்டிவிடுவார். விழுந்து எழுந்தால்தான் கயிறு. எனக்கோ விழவே பயம். நாலு தடவை தப்பித்தேன்.

"விழுந்துடும்மா, ஆளுங்க காத்திருக்காங்க" என்றார் மாஸ்டர்.

விழுந்தேன். எழுந்ததும் அம்மாவைத்தான் தேடினேன். அவள் என் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். மாஸ்டர் இடுப்பில் பச்சைக் கயிற்றைக் கட்டினார்.

மறுநாள் விடிந்ததும், இப்போதுதான் ஆனேன் என்று அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ருது ஜாதகம் எழுத நாளும் நேரமும் வேண்டுமே, அத்தைதான் துருவினாள்.

"இன்னிக்கிக் காலையில, ஆறு மணி. நாந்தான் பாத்தேன்" என்றாள் அம்மா. நல்ல நேரம் பார்க்காமல் அடுப்புகூடப் பற்றவைக்காதவள் அவள். ஜோசியர் அதையே எழுதிக்கொண்டார்.

அதோடு கிளப் நின்றுபோனது. ஆனாலும் தனியறையில் கயிற்றைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு சுலபமாக ஏமாந்துபோகிறாள் என்று நினைக்க, அம்மாவைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.