நூறும் நாற்பதும்

என் கணவர் இருந்தவரை எனக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டவர் அவர்தான். அவர் போனபின் வரிச்சிக்குடி வீட்டில் நானே அளந்து போட்டுக்கொள்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பாரிசிலிருந்து வந்திருந்த மகள், அங்கு வாங்கிய இன்சுலின் குப்பிகளை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். மறுநாள் காலை அதிலிருந்து, என் பழைய வகை ஊசியிலேயே, வழக்கம்போல் இருபதாவது கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இட்லி வேகும் முன்பே கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்தது. கூப்பிட வீட்டில் யாருமில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நல்லவேளை, மீன் விற்கும் செல்வி வாசலில் குரல் கொடுத்தாள். பதில் வராததால் உள்ளே வந்தவள், "என்னம்மா, இப்புடி வேர்த்துக் கொட்டுது?" என்று பதறினாள்.

"சர்க்கரை" என்று மட்டும் சொன்னேன். தண்ணீரில் கரைத்துப் புகட்டி, குப்பியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

"இந்தக் குப்பியில ஒரு மில்லிக்கு நூறு யூனிட்டு, உங்க ஊசி நாப்பதுக்கு உள்ளது. ரெண்டரை மடங்கு ஏறிடுச்சும்மா" என்றார் டாக்டர்.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் குப்பியிலும் ஊசியிலும் உள்ள எண்ணைச் சத்தமாகப் படிக்கிறேன். "ரெண்டும் நாப்பது" என்று சொல்லிவிட்டு, யாரோ சரிபார்ப்பதுபோல் சற்று நேரம் நிற்கிறேன். பிறகுதான் போட்டுக்கொள்கிறேன்.