அரைச்சுற்று

அந்த நாட்களில் ஒஸ்லோவில் ஒரு இயந்திரப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தாலும் அளவில் பிழைவிடாதவன் என்று அங்கே எனக்கொரு பெயர். அந்தப் பெயர் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது. இல்லாவிட்டால், துப்பாக்கி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற நான் ஒரு துப்பாக்கிக்குக் குண்டு செய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

கேட்டவர் தமிழ்நாட்டுக்காரர், கணினிப் பொறியாளர். அம்மருட் என்ற புறநகரில் எங்கள் கட்டடத்தில்தான், நாலு மாடி மேலே இருந்தார். நாங்கள் ஈழத்து ஆட்கள், துப்பாக்கிக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்தோம். அவர் இந்த நாட்டுக்கு வந்து துப்பாக்கி வாங்கினார். பொலிஸ் அனுமதி, சங்க அட்டை எல்லாம் முறைப்படி வைத்திருந்தார். குழலின் வாய்வழியாக மருந்தும் ஈயக்குண்டும் இடித்து நிரப்புகிற பழையகாலத்து வகை, கடதாசிக் குறிக்கு மட்டும் சுடுவது.

"சும்மா ஸ்போர்ட்ஸ்தான் சார், கோலி விளையாடற மாதிரி" என்றார். "ஆனா உருண்டைக் குண்டு நூறு மீட்டர் போறதுக்குள்ள காத்துல அலையுது. நீளக் குண்டு வேணும். உங்க கை அளவுக்கு இந்த ஊர்லயே ஆள் கிடையாது, குண்டு வார்க்க ஒரு அச்சு செஞ்சு குடுங்க."

ஐஸ் வைக்கிறார் என்று தெரிந்தது. தெரிந்தும் குளிர்ந்தேன்.

மனைவியிடம் "மேல்மாடித் தம்பிக்கு ஒரு மெஷின் சாமான்" என்று மட்டும் சொன்னேன். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடம். போர் நடந்த தொண்ணூறுகள் முழுவதையும் அங்கேயே கழித்தவள். வருடப் பிறப்புக்கு இந்த நகரம் வாணம் விடும்போது குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வாள். அவளிடம் குண்டு என்ற சொல்லை எப்படி எடுப்பது?

குழலின் உட்புறத்தில் சுருளாக வரி வெட்டியிருக்கும். அந்த வரிதான் குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. சுழற்சி போதாவிட்டால் நீளக் குண்டு ஓய்கிற பம்பரம்போலத் தலையாட்டி, பக்கவாட்டில் புரண்டுவிடும். ஆகவே எத்தனை சென்டிமீட்டருக்குள் வரி ஒரு முழுச்சுற்றுச் சுற்றுகிறது என்று முதலில் அளக்கவேண்டும். சுற்று நெருக்கமென்றால் நீளக் குண்டு தாங்கும். தளர்வென்றால் உருண்டையோடு திருப்திப்படவேண்டியதுதான்.

அளப்பது சுலபம். இறுக்கமாகத் துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் தள்ளினால், துணி வரியைப் பிடித்துக்கொண்டு கம்பியும் திரும்பும். திரும்புவது கண்ணுக்குத் தெரிய ஒரு தீக்குச்சியைக் கம்பிக்குக் குறுக்காக ஒட்டினேன். பக்கத்தில் வெடிமருந்து இருக்கிறதே என்று குச்சியின் தலையை முன்னெச்சரிக்கையாக முறித்துவிட்டேன். அவ்வளவு கவனமான ஆள் நான். குச்சி செங்குத்தாக நின்றது. தள்ளத் தள்ளச் சாய்ந்து, படுத்து, மறுபடி செங்குத்தானது. அறுபத்தொரு சென்டிமீட்டர்.

"ஒரு சுற்று" என்றேன். இன்னொரு தடவையும் அளந்தேன். அதே அளவுதான் வந்தது. அந்த அளவுக்கு முப்பது மில்லிமீட்டர் நீளக் குண்டு சரியாகப் போகும் என்று அவருடைய புத்தகம் சொன்னது. முதலாளியிடம் அனுமதி வாங்கி, வேலை முடிந்த பிறகு இரண்டு மாலை நின்று பித்தளையில் அச்சைக் கடைந்தேன். அவர் ஈயத்தை உருக்கி வார்த்துக் காட்டியபோது, குண்டுகள் ஒன்றுக்கொன்று மாறாமல் அழகாக இருந்தன. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிறு, அவருடைய காரில் நகரத்துக்கு வெளியே காட்டுக்குள் இருந்த சுடுதளத்துக்குப் புறப்பட்டோம். "காட்டுக்கோ போறியள்? நானும் வாறன். புளூபெரி பிடுங்கலாம்" என்று மனைவி வாளியோடு வந்து ஏறிக்கொண்டாள். வேண்டாமென்றால் காரணம் சொல்லவேண்டும். சொல்லவில்லை. கார் நிறுத்துமிடத்தில் இறங்கி அவள் மேட்டுப்பக்கம் போனாள். அது தடை எல்லைக்கு வெளியே என்று பலகையைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

முதல் வெடி வெடித்தது. வெள்ளைப் புகை எங்களை மூடியது. அவளுக்குக் கேட்டிருக்கும். போய்ச் சொல்லவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் கால் நகரவில்லை. என் குண்டு எங்கே விழுந்தது என்று பார்க்கிற ஆசை என்னைப் பிடித்து வைத்திருந்தது.

தொலைநோக்கியால் பார்த்த பொறியாளர் நண்பர், "ஓரமா போயிருக்கு சார். ஓட்டை ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

"குழல் இன்னும் சூடாகேல்லைத் தம்பி. அஞ்சையும் சுட்டுப்போட்டுப் பார்ப்பம்" என்றேன். வாழ்க்கையில் ஒரு துப்பாக்கியும் சுட்டறியாதவன் சொன்ன ஆலோசனை அது. ஒவ்வொரு தடவையும் மருந்து கொட்டி, குண்டு இடிக்க இரண்டு மூன்று நிமிடம் எடுத்தது. அந்த நிமிடங்களில் எதிலும் நான் மேட்டுப்பக்கம் போகவில்லை.

ஐந்தும் முடிந்து குறி நட்டிருந்த இடத்துக்குப் போனோம். கடதாசியில் நாலு ஓட்டை. ஒன்றும் வட்டமில்லை. குண்டு படுத்தபடி புகுந்த நீள்சதுரக் கிழிசல்கள்.

"ஐந்தாவது எங்கே?" என்றாள் சுடுதளப் பொறுப்பாளர், செம்மஞ்சள் சட்டை போட்ட நோர்வேஜியப் பெண். குறிக்குப் பின்னால் குண்டைத் தடுக்கக் குவித்திருந்த மண்ணை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி, "ஸ்தோப்!" என்று எல்லோருடைய சூட்டையும் நிறுத்தினாள். "புரள்கிற குண்டு எந்தப் பக்கமும் போகும். காட்டில் யாராவது இருக்கிறார்களா?"

நான் ஓடத் தொடங்கியிருந்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. சரிவில் வாளி உருண்டு கிடந்தது, பழமெல்லாம் பாசியில் சிந்தியிருந்தது. ஏழெட்டு அடி தள்ளி, ஒரு மரத்தின் அடியில் அவள் குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு கையாலும் பிடரியை மூடியிருந்தாள்.

தொட்டபோது தலையைத் தூக்கினாள். முகத்தில் மண். காயம் ஒன்றுமில்லை.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது. எழும்பும்."

"அஞ்சு வெடி. நாலு மண்ணிலை போய் இறங்கினது. ஒண்டு இறங்கேல்லை. வண்டு மாதிரி இரைஞ்சுகொண்டு எனக்கு மேலாலை போனது." கையை நீட்டிக் காட்டினாள். "அந்தப் பக்கம்."

பொறுப்பாளரும் நண்பரும் அந்தத் திசையில் போய்த் தேடினார்கள். இருபது அடி தள்ளி ஒரு மரத்தில் பட்டை பிய்ந்து, உள்ளே ஈயம் நசுங்கியிருந்தது. பொறுப்பாளர் பக்கத்தில் போய் நின்றாள். குண்டு பட்ட இடம் பொறுப்பாளருடைய தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

சுடுகிற மேசைக்குத் திரும்பி அளவு மறுபடி எடுக்கப்பட்டது. தலை முறித்த குச்சியின் இரண்டு முனையும் ஒன்றுபோல் இருந்ததால், பொறுப்பாளர் ஒரு முனையில் மட்டும் பேனையால் கறுப்பு மை பூசினாள். நான் கம்பியைத் தள்ளினேன். அறுபத்தொன்றில் குச்சி செங்குத்தாக நின்றது. ஆனால் மேலே இருந்த கறுப்பு முனை கீழே இருந்தது. அரைச்சுற்று. முழுச்சுற்றுக்கு நூற்றிருபத்திரண்டு சென்டிமீட்டர் வேண்டும். குழலின் நீளமோ எண்பதுதான். உருண்டைக் குண்டுக்கென்றே வெட்டிய குழல் அது. குழலுக்குள் வரி ஒரு சுற்றுக்கூட முடிக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு தடவை அளந்தேன், இரண்டு தடவையும் ஒரே பிழையைத்தான் அளந்தேன்.

"பரவாயில்ல சார், சுட்டது நான்தானே" என்றார் நண்பர். முகம் வெளுத்திருந்தது. நான் பொறுப்பாளரிடம் அளந்தது நான், அச்சுச் செய்தது நான் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். மனைவி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் பட்டறையில் அச்சை நாலாக அறுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அதை அவளிடம் சொன்னேன். சமாதானமாகிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் அச்சைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நாலு வெடிக்கும் படுத்துத்தான் கிடந்தனான்" என்றாள். "உங்களுக்கு என்ன நடந்துதோ தெரியேல்லை. உங்களிட்டை ஓடி வருவம் எண்டு எழும்பினனான். அப்பதான் அஞ்சாவது தலைக்கு மேலாலை போனது. திரும்ப விழுந்து படுத்தனான்."

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள் முதல் வெடிக்கே ஏன் என்னட்டை வரேல்லை?"

கடதாசியில் ஓட்டை பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.