பக்கத்து வீட்டுக் கமேலியா

ஜப்பானின் குமாமோதோவில் ஃபுஜியே வீட்டுக்கும் இகுனோ வீட்டுக்கும் நடுவே ஒரு தாழ்ந்த சுவர். சுவரையொட்டி இகுனோவின் கமேலியாச் செடி நின்றது. பெரிய வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம். கணவர் போன பிறகு அதுதான் அவளுக்குத் துணை. பூத்து முடிந்ததும் கிளை கழிப்பாள். கோடையில் வேர் காயாமல் இலைச்சருகு பரப்புவாள்.

ஒரு கோடையில் ஃபுஜியேவின் சின்ன மகன் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்து அழுதான். கம்பளிப்பூச்சி ரோமம் பட்டது என்றார் மருத்துவர். கமேலியா என்றால் கம்பளிப்பூச்சி வருவது ஊருக்கே தெரியும். ஃபுஜியே நேரே போய், தெருவே பார்க்க, "உங்க செடியால என் பிள்ளை சாகணுமாக்கா? வெட்டிப் போடுங்க" என்றாள்.

இகுனோ குனிந்து மன்னிப்புக் கேட்டாள். மாலைக்குள் செடியை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டு, இனிப்புப் பெட்டியோடு மறுபடி வந்து மன்னிப்புக் கேட்டாள்.

சில நாள் கழித்துத்தான் ஃபுஜியே தன் கொல்லைப்புறத் தேயிலை வேலியைப் பார்த்தாள். தேயிலையும் கமேலியா இனந்தான்; இலைகளின் அடியில் அதே கம்பளிப்பூச்சிகள் அப்பிக் கிடந்தன. யாருக்கும் தெரியாமல் அந்தக் கிளைகளை வெட்டிக் கட்டிப் போட்டாள். இகுனோவிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளியே போட்டாள். அதற்குள் இகுனோவை மகன் ஃபுகுவோகாவுக்குக் கூட்டிப்போய்விட்டான். வீடு பூட்டிக் கிடந்தது.

அடிக்கட்டையில் துளிர் விட்டது. ஃபுஜியே இகுனோவின் மகனிடம் அனுமதி வாங்கித் தண்ணீர் ஊற்றினாள், சருகு போட்டாள், நலிந்த துளிர்களைக் கிள்ளினாள். சில வருஷம் போய் முதல் பூ விரிந்ததும், ஈரத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறினாள்.

நினைவு மங்கிப்போன இகுனோவுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. பூவை மட்டும் தெரிந்தது.

"எங்க வீட்டுது மாதிரியே இருக்கே. பக்கத்து வீட்டுக்காரி வெட்டச் சொன்னா. பூச்சி அவ வேலியிலதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"அப்ப ஏங்க்கா சொல்லல?"

"பிள்ளைக்கு இப்படி ஆயிடுச்சேங்கிற ஆத்திரத்துல பேசிட்டா. சொன்னா, அப்புறம் அவ எப்படித் தெருவுல நடப்பா?"

அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நான்தான் என்று ஃபுஜியே சொன்னாலும் அதைக் கேட்டுக்கொள்ள அங்கே அந்த இகுனோ இல்லை. பூவைத் தண்ணீரில் வைத்துவிட்டு, குனிந்து வணங்கி, ரயிலடிக்கு நடந்தாள்.