தேருக்கு வயர் தூக்கியவர்கள்

கலஹாவில் எங்கள் கோயில் தேர் ரோட்டுக்கு வந்தால், அதற்கு முன்னால் மூங்கில் கம்போடு நடந்து கரண்ட் வயர்களைத் தூக்கிப் பிடிப்பது எங்கள் நால்வரின் வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே உயரமானவர்கள் நாங்கள்தான். ஒரு திருவிழாவில், கண்டியிலுள்ள தேயிலைக் கம்பெனி ஒன்றின் மேனேஜர் எங்களைப் பார்த்துவிட்டார். கம்பெனிகளுக்கிடையே நடக்கும் கூடைப்பந்துப் போட்டிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த மனுஷர். அந்த மாதமே நால்வரையும் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார். பந்தைத் தொட்டிருக்கிறோமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வெளையாட்ட பழக்கலாம் தம்பி, ஒசரத்த பழக்க ஏலாது" என்றார். இனி கோப்பை நமக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் வைத்தார்.

முதல் மேட்ச். எதிரணியில் கம்பளை ஊர்க்காரன் ஒருவன், என் தோளுக்குக்கூட வரமாட்டான். அவன் பந்தோடு ஓடிவந்ததும் நாங்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றோம். அவன் அடியில் புகுந்து போய்க் கூடையில் போட்டான். மறுபடியும் வந்தான், மறுபடியும் போட்டான்.

இடைவேளையில் மேனேஜர் பாய்ந்தார். "கையத் தூக்கிக்கிட்டு வழி விடுறீங்களேடா!"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "வேற எதுக்கு சார் நாங்க கையத் தூக்கியிருக்கோம்? அதப் பாத்துத்தானே எடுத்தீங்க?"

கம்பளைக்காரன் வருஷா வருஷம் எங்கள் திருவிழாவுக்கு வருகிறவனாம். இரண்டாம் பாதியில் எங்களைத் தாண்டும்போதெல்லாம் "அரோகரா!" என்று கத்திக்கொண்டே போனான்.

பழக்கதோஷம், நாங்கள் நால்வரும் சேர்ந்து "அரோகரா!" என்றோம்.