வேலம்மா வீட்டு இரண்டாம் குழி

குழியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பியதும் கம்பு வாசனை வந்தது. எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. அது கக்கூஸ் குழி.

எண்பதுகளின் தொடக்கம். கோவில்பட்டியில் நான் ஓவர்சியர். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு மலிவுக் கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒரு பீங்கான் கோப்பை, அதை ஒட்டி இரண்டு குழி. ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு, குழாயை அடுத்ததற்குத் திருப்ப வேண்டும். மூடிய குழி நாளடைவில் மக்கி உரமாகிவிடும். தண்ணீர் மண்ணில் இறங்கக் குழிச்சுவரில் செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்டிருந்தோம். யாரும் கையால் அள்ள வேண்டாம். பிளானில் பார்த்தால் அவ்வளவு அழகு.

வேலம்மா வீட்டு முதல் குழி நிறைந்துவிட்டதாக ஆள் வந்து சொல்ல, கொத்தனாரோடு போனேன். வேலம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

"நாளைக்கு வாங்க சார். இப்பத் தெறக்க வேண்டாம்."

"நீங்கதானம்மா சொல்லி அனுப்புனீங்க?"

"நான் இல்ல. பக்கத்து வீட்டுக்காரி. நாத்தம் தாங்கலையாம் அவளுக்கு."

நான் அப்போதே முன்கோபி. குழாயைத் திருப்ப இரண்டாம் குழியைத் திறக்கச் சொல்லிவிட்டேன்.

உள்ளே சாக்கு விரித்து வாய்வரை கம்பு. புதூர்ப் பக்கம் அவர்களுக்கிருந்த துண்டுக் கரிசலில் விளைந்தது. அடுத்த வெள்ளாமை வரை அந்தக் குடும்பத்துக்கு அதுதான் கஞ்சி.

"வீடு ஓலை சார். எலி ஒரு மணி மிச்சம் வைக்க மாட்டேங்கு. இது சிமிண்டு மூடியோட சும்மாதான கெடக்கு."

கையை விட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது. முழங்கை வரை போனதும் ஈரம். எடுத்து முகர்ந்தேன். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முதல் குழித் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக வந்து, நாங்கள் விட்ட செங்கல் இடைவெளியில் கசிந்திருக்கிறது.

"இதையா சாப்பிடுதீங்க?"

"மேலாப்புல அள்ளி, நல்லாக் கழுவித்தான் சார் காய்ச்சுதோம்."

இடுப்பில் பிள்ளை துவண்டு கிடந்தது. என்னம்மா என்றேன்.

"வயித்தால போகுது. நிக்க மாட்டேங்கு. மந்திரிச்சும் பாத்தாச்சு."

ஈரக் கம்பை அவள் மூக்கருகே நீட்டினேன். முகர்ந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். அப்படியே குழியோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ராவுக்கு உலையில எதைப் போட சார்?"

முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். நல்லவேளை, பிள்ளை பிழைத்துக்கொண்டது. கம்பு முழுவதையும் ஊருக்கு வெளியே புதைத்தோம்.

அன்றே தெருவிலிருந்த இரண்டாம் குழிகளையெல்லாம் திறந்தேன். உளுந்து, பருத்தி விதை, விறகு. ஒரு வீட்டில் கல்யாணச் சேலை வைத்த டிரங்குப் பெட்டி. காலியாக ஒன்றுகூட இல்லை.

எஞ்சினியரிடம் சொன்னேன்: "சார், இனிமே கட்டுற வீடுகளுக்கு இப்போதைக்கு ஒரு குழி போதும். ரெண்டாவதைப் பின்னால தோண்டிக்கிடலாம். அந்தக் காசுல வீட்டுக்குள்ள தானியம் போட ஒரு சிமிண்டுக் குலுக்கை கட்டிருவோம்."

"கக்கூஸ் எஸ்டிமேட்ல குலுக்கையாய்யா?" என்று சிரித்தார்.

கம்பு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கையெழுத்துப் போட்டார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளே, டேப்பைப் பிரிக்கும் முன் அடுப்படியை எட்டிப் பாருங்கள். அந்த ஜனங்கள் எங்கே வெளிக்குப் போவார்கள் என்று அங்குலம் அங்குலமாக அளந்த நாங்கள், தின்கிறதை எங்கே வைப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.